பியருக்குப் பின்னால் அசைந்த கொடி

2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் கனடாத் தொலைக்காட்சியில் ஓர் இளைஞன் மேடையேறினான். கட்டம் போட்ட சட்டை, பக்கத்து வீட்டுப் பெடியன் முகம். பின்னால் ஒரு பெரிய திரை. ஒலிவாங்கிக்கு முன் வந்து கூச்சத்தோடு சபைக்கு ஒரு 'ஹேய்' சொல்லிவிட்டு மெல்லத் தொடங்கினான். தான் மரம் வெட்டுகிறவன் இல்லையாம், மிருகத்தோல் வியாபாரியும் இல்லையாம். பனிவீட்டில் குடியிருப்பதில்லை, திமிங்கிலக் கொழுப்புச் சாப்பிடுவதில்லை, நாய் இழுக்கும் வண்டியும் சொந்தமாக இல்லை. கனடாவில் இருக்கிற ஜிம்மியையோ சாலியையோ சூசியையோ தெரியுமா என்று கேட்டால் தெரியாது. ஆனால் அவர்கள் மிக நல்ல மனிதர்களாகத்தான் இருப்பார்கள்.

இந்த இடத்தில் குரல் ஏறத் தொடங்குகிறது. தன் நாட்டில் ஜனாதிபதி இல்லை, பிரதமர்தான். பேசுவது ஆங்கிலமும் பிரெஞ்சும், 'அமெரிக்கன்' என்றொரு மொழி அல்ல. ஆங்கில நெடுங்கணக்கின் கடைசி எழுத்து 'செட்', 'சீ' அல்ல. பீவர் பெருமைக்குரிய விலங்கு. பின்திரையில் கொடியும் ஹொக்கியும் ஓட, அவன் இப்போது கத்துகிறான். நிலப்பரப்பில் உலகின் இரண்டாவது பெரிய நாடு, ஹொக்கியில் முதலாவது, வட அமெரிக்காவின் மிகச் சிறந்த பாகம். கடைசியில், "என்ரை பேர் ஜோ, நான் கனேடியன்!" கத்தி முடித்ததும் பழைய கூச்சம் திரும்பி வருகிறது. நன்றி சொல்கிறான்.

இவ்வளவும் ஒரு போத்தல் பியர் விற்பதற்காக. பியரின் பெயரே 'மோல்சன் கனேடியன்'.

நடித்தவர் ஜெஃப் டக்ளஸ். நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் ட்ரூரோ என்ற சிற்றூர்க்காரர், அதுவரை அதிகம் பேருக்குத் தெரியாத நடிகர். சில வாரங்களில் அவரை ஹொக்கி அரங்குகளுக்குக் கூட்டிப்போய் ஆயிரக்கணக்கான சனத்தின் முன் நேரில் கத்த விட்டார்கள். கலாசார மரபுரிமை அமைச்சராக இருந்த ஷீலா கொப்ஸ், பொஸ்ரனில் நடந்த பத்திரிகையாளர் மாநாடு ஒன்றில் இதைப் போட்டுக் காட்டினார். ஓர் அமைச்சர் வெளிநாட்டுக்குப் போய் எங்கள் நாடு இதுதான் என்று ஒரு பியர் விளம்பரத்தைக் காட்டியதை இன்று நினைத்தாலும் சிரிப்பு வரும். அன்று யாருக்கும் அது பெரிய குற்றமாகப் படவில்லை. சிரித்தார்கள், அவ்வளவுதான்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் இப்போது எனக்கு ஏக்கமாக இருக்கிறது. விளம்பரத்துக்காக அல்ல. விளம்பரம் யூரியூப்பில் கிடக்கிறது, எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். அது வந்த பிறகு நாடு முழுக்க அதை வைத்துச் செய்த கேலிதான் திரும்பக் கிடைக்காதது.

இரண்டு மாதத்துக்குள் வானொலிக்காரர் எல்லாரிடமும் ஒரு பதிப்பு இருந்தது. மின்னஞ்சலில் அல்பேர்ட்டாக்காரனின் பதிப்பு வந்தது, நியூஃபவுண்ட்லாந்துக்காரனின் பதிப்பு வந்தது, கியூபெக்கைப் பற்றிக் கொஞ்சம் பொல்லாத பதிப்பும் வந்தது. என் வேலையிடத்தில் ஒரு போலந்துக்காரர் தன் நாட்டை வைத்து ஒன்று எழுதி மதியச் சாப்பாட்டு மேசையில் ஏறி வாசித்தார். அந்த வருடம் மொன்றியலில் நடந்த 'ஜஸ்ட் ஃபோர் லாஃப்ஸ்' நகைச்சுவை விழாவில் வில்லியம் ஷட்னர் மேடையேறினார். 'ஸ்டார் ட்ரெக்' கப்பல் கப்ரன் கேர்க்காக உலகம் அறிந்தவர், பிறந்து வளர்ந்தது மொன்றியலில். தான் விண்கலத் தளபதி அல்ல, விண்கலத்தில் குடியிருப்பதும் இல்லை என்று அதே தாளத்தில் தொடங்கி, அதே இடத்தில் குரலை ஏற்றி, அதே வரியில் முடித்தார். கனடாவை விட்டு அமெரிக்காவில் பெயரெடுத்த மனிதர், 'நான் அமெரிக்கன் அல்ல' என்று கத்தும் விளம்பரத்தைக் கேலி செய்தார். இதில் யார் யாரைக் கேலி செய்தார்கள் என்று பிரித்தெடுக்க முடியாது.

இந்தப் பழக்கம் ஜோவோடு தொடங்கியதல்ல. இருபது வருடம் பின்னுக்குப் போக வேண்டும். 1980இல் எஸ்.சி.ரி.வி. என்ற நகைச்சுவை நிகழ்ச்சி சி.பி.சி. தொலைக்காட்சிக்கு வந்தது. அமெரிக்காவில் இடையிடையே விளம்பரம் அதிகம், சி.பி.சி.யில் குறைவு. ஆகவே கனடாப் பதிப்பில் ஒவ்வொரு வாரமும் இரண்டு நிமிடம் காலியாக விழுந்தது. அந்த இரண்டு நிமிடத்தை அசல் கனடாச் சமாச்சாரத்தால் நிரப்பும்படி மேலிடம் கேட்டது. நடிகர்களுக்கு எரிச்சல். கனடாவில் எழுதி, கனடாவில் படமாக்கி, கனடாக்காரர் நடிக்கிற நிகழ்ச்சியில் இதற்கு மேல் என்ன கனடா வேண்டும்? ரிக் மொரானிசும் டேவ் தோமசும் சுவரில் ஒரு கனடா வரைபடத்தைத் தொங்கவிட்டு, குளிர்ச்சட்டையும் கம்பளித் தொப்பியும் போட்டு, பியரைக் குடித்துக்கொண்டு, ஒரு விஷயமுமில்லாத விஷயங்களை இரண்டு நிமிடம் அலட்டினார்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் 'ஏய்'. இந்தா பிடியுங்கள் உங்கள் கனடாவை என்பதுதான் அதன் பொருள்.

மேலிடத்தைக் குத்தச் செய்த பொப், டக் என்ற அந்த இரண்டு முட்டாள் சகோதரர்களும் முழு நிகழ்ச்சியையும் விடப் புகழ்பெற்றார்கள். 1981இல் இசைத்தட்டு, 1983இல் சினிமாப்படம். தேசப்பற்றைக் கேட்டவர்களுக்கு நையாண்டி கிடைத்தது. சனமோ அந்த நையாண்டியையே தேசப்பற்றாக எடுத்துக்கொண்டது. 2000இல் ஜோ போட்டிருந்த கட்டச் சட்டை இவர்களுடைய அலுமாரியிலிருந்து எடுத்தது போலத்தான் எனக்குத் தெரிந்தது.

நான் இந்த நாட்டுக்கு வந்தது தொண்ணூறுகளில். ஸ்காபரோவில் ஒரு நிலவறை வீட்டில் குடியிருந்தோம். இரவு வேலை. பகலில் நித்திரை வராது. வீட்டுக்காரர் கழித்துவிட்ட ஒரு ரி.வி.யில் அன்ரெனாவுக்கு அகப்பட்டதைப் பார்ப்பேன். நிகழ்ச்சி பாதிதான் விளங்கும், விளம்பரம் முழுதாக விளங்கும். முப்பது விநாடியில் ஒரு முழுக் கதை, தெளிவான உச்சரிப்பு, திரும்பத் திரும்ப வரும். இங்கே மனிதர்கள் எதற்கு வெட்கப்படுவார்கள், எதற்குக் கண் கலங்குவார்கள், மாமியாரோடு எப்படிக் கதைப்பார்கள் என்பதையெல்லாம் சவர்க்காரமும் தொலைபேசிக் கம்பனியும்தான் எனக்குச் சொல்லித்தந்தன.

இடையிடையே நாட்டையே விற்கும் விளம்பரங்கள் வரும். 1991இல் தொடங்கிய 'ஹெரிட்டேஜ் மினிட்ஸ்' என்ற ஒரு நிமிடச் சரித்திரப் படங்கள் அவற்றில் முக்கியமானவை. மொன்றியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு பெண்ணின் மூளையைத் தொட்டுத் தொட்டுக் கேட்க, அவள் பாண் கருகும் மணம் வருகிறது என்று கூவுவாள். நல்ல நோக்கத்தோடு எடுத்த படம். ஆனால் நான் வேலை செய்த இடத்தில் யாராவது ரோஸ்ரரில் பாணைக் கருக்கிவிட்டால் போதும், நாலு பக்கத்திலிருந்தும் அந்த நோயாளியின் குரலில் கத்துவார்கள். முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. படத்தைப் பார்த்த பிறகு நானும் கத்தினேன். அன்றுதான் அந்த மேசையில் எனக்கு ஓர் இடம் கிடைத்தது என்று நினைக்கிறேன். குடியுரிமைச் சோதனைக்குப் படித்த புத்தகத்தில் பென்ஃபீல்டைப் பற்றி எழுதியிருந்தாலும் அது இந்த இடத்தைத் தந்திருக்காது.

கொழும்பில் நான் பார்த்துவிட்டு வந்த தேசபக்தி வேறு வகை. யாழ்ப்பாணத்தில் 1990க்குப் பிறகு மின்சாரம் இல்லை, ஆகவே ரி.வி.யும் இல்லை. வெளிநாடு போவதற்காகக் கொழும்பு லொட்ஜ் ஒன்றில் காத்திருந்த மாதங்களில்தான் நிறையப் பார்த்தேன். படைக்கு ஆள் சேர்க்கும் விளம்பரம், வீரரைப் போற்றும் பாட்டு, சீருடை, கொடி, கண்ணீர் விடும் தாய். லொட்ஜ் கூடத்தில் நாங்கள் பத்துப் பதினைந்து தமிழர் இருந்து முகத்தை ஒருவிதமாகவும் வைத்துக்கொள்ளாமல் பார்ப்போம். சிரித்தாலும் பிழை, எழுந்து போனாலும் பிழை. வேலைக்காரப் பெடியன் பார்த்துக்கொண்டிருப்பான், பொலிஸ் பதிவுப் புத்தகம் மனேஜரின் மேசையில் இருக்கும். எங்கள் பக்கத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? ஊர்ச் சந்தியில் ஒலிபெருக்கி கட்டிப் போட்ட எழுச்சிப் பாட்டுகளை வைத்து யாராவது பகிடிப் பாட்டுக் கட்டியதை நான் கேட்டதில்லை. கட்டியிருந்தால் அடுப்படியில், கதவைச் சாத்திவிட்டுத்தான் பாடியிருப்பார்கள்.

அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்தவனுக்கு, கொடியைக் காட்டும் விளம்பரத்தை அடுத்த வாரமே அரசாங்கத் தொலைக்காட்சியே கேலி செய்கிறது என்பது நம்ப முடியாத புதினம். சி.பி.சி. அரசின் பணத்தில் நடப்பது. அதில்தான் 1993 முதல் ஹலிஃபக்ஸிலிருந்து 'திஸ் அவர் ஹாஸ் 22 மினிட்ஸ்' வந்துகொண்டிருந்தது. அமைச்சரும் அகப்படுவார், கொடியும் அகப்படும், சி.பி.சி.யும் அகப்படும்.

அந்தக் குழுவில் ரிக் மெர்சர் என்றொருவர். அமெரிக்காவுக்குப் போய், தெருவில் கண்டவர்களையும் பதவியில் இருந்தவர்களையும் மறித்துக் கனடாவைப் பற்றிப் பொய்யான செய்தி ஒன்றைச் சொல்லி அபிப்பிராயம் கேட்பார். ஆர்கன்சா ஆளுநராக இருந்த மைக் ஹக்கபி, கனடா தன் 'தேசியப் பனிவீட்டை'ப் பாதுகாத்ததற்கு வாழ்த்துச் சொன்னார். ஜோர்ஜ் புஷ் ஜனாதிபதித் தேர்தலுக்கு ஓடித்திரிந்த நேரம். கனடாப் பிரதமர் ஜோன் பூட்டீன் உங்களை ஆதரிக்கிறார் என்று மெர்சர் கூட்டத்துக்குள்ளிருந்து கத்த, புஷ் அந்த ஆதரவை நன்றியோடு ஏற்றுக்கொண்டார். பிரதமரின் உண்மையான பெயர் ஜோன் க்ரெச்சியன். பூட்டீன் என்பது உருளைக்கிழங்குப் பொரியலின் மேல் சீஸ் கட்டியும் சுடுகுழம்பும் போட்டுத் தருகிற கியூபெக் சாப்பாடு. 2001 ஏப்ரல் 1ஆம் திகதி இவற்றைச் சேர்த்து ஒரு சிறப்பு நிகழ்ச்சியாகப் போட்டபோது 27 இலட்சம் பேர் பார்த்தார்கள். புஷ்ஷும் லேசானவர் அல்ல. 2004 டிசம்பரில் ஜனாதிபதியாக ஹலிஃபக்ஸ் வந்தபோது பூட்டீனைச் சந்திக்கிற ஆசையில் வந்ததாகப் பேச்சிலேயே பகிடி விட்டார். அப்போது இரண்டு நாட்டுக்கும் ஈராக் யுத்தத்தால் மனஸ்தாபம். இருந்தும் அப்படியொரு வார்த்தை சொல்ல முடிந்தது.

ஜோ விளம்பரத்தை நாங்கள் தமிழரும் விடவில்லை. முதலில் கணக்குப் பார்த்தோம். ஜோ கனேடியன் என்பதற்குக் காட்டுகிற அத்தாட்சி எல்லாம் பார்த்தால் யாழ்ப்பாணத்தான் இங்கே பிறந்தவனை விடக் கூடுதல் புள்ளி எடுப்பான். மரம் வெட்டவில்லை, தோல் விற்கவில்லை, பனிவீட்டில் இருக்கவில்லை, நாய்வண்டியைக் கண்ணாலும் காணவில்லை. கடைசி எழுத்து பாலர் வகுப்பிலிருந்தே 'செட்'. பிரதமரும் இருக்கிறார். ஜனாதிபதியும் இருப்பதால் அதில் பாதிப் புள்ளி.

அந்த வருடக் கோடையில் ஒரு பழைய மாணவர் சங்க இராப்போசனம். விளக்கேற்றி, அகவணக்கம் செலுத்தி, கல்லூரிக் கீதம் பாடி, வரவேற்புரை, தலைவர் உரை, பொருளாளர் அறிக்கை என்று போய்க் கொத்துரொட்டி ஆறிக்கொண்டிருந்தபோது, நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒருவன் மேடையில் ஏறினான். எனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவன். வேட்டிக்கு மேலே கட்டம் போட்ட கம்பளிச் சட்டை. ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கூச்சமாக, "ஹேய்" என்றான்.

"நான் இந்தியாவிலையிருந்து வரேல்லை. யானையிலை பள்ளிக்கூடம் போகேல்லை. என்ரை பேரிலை பதினெட்டு எழுத்து. அதிலை ஒண்டும் எழுத்துப் பிழை இல்லை. உங்கடை ஒஃபிசிலை வேலை செய்யிற ரவியை எனக்குத் தெரியாது. ஆனால் ரெண்டு கேள்வி கேட்டனெண்டால் சொந்தமாய் வரும்!"

சபை அதிலேயே விழுந்துவிட்டது. அவன் விடவில்லை. குரல் ஏறியது. "நான் குடிக்கிறது தேத்தண்ணி, அதுக்குள்ளை பை தொங்காது! எனக்கு மூண்டு வேலை, ஒரு கார், ரெண்டு சீட்டு! பனிக்காலத்திலை நான் பனி அள்ளுவன், கோடையிலை சாமத்தியவீடு செய்வன்! கேணல் சண்டேர்சை விட என்ரை மனுசி நல்லாய்க் கோழி பொரிப்பா!" பின்னால் திரையில்லாத குறைக்கு இரண்டு பெடியள் மேசைவிரிப்பு ஒன்றை விரித்துப் பிடித்து ஆட்டிக்கொண்டு நின்றார்கள். "என்ரை பேர் ஜோ!" என்று முழங்கினான். கை தட்டினார்கள். கையைக் காட்டி அமர்த்திவிட்டுச் சொன்னான்: "அது என்ரை பேரில்லை. சூப்பவைசர் வைச்ச பேர். எனக்கு இன்னும் லாண்டட் கிடைக்கேல்லை!"

பெண்கள் மேசையில் ஒருவர் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறி வெளியே போனார். அந்த மண்டபத்தில் பாதிப் பேரின் பெயரை யாரோ ஒரு மேற்பார்வையாளர் சுருக்கியிருந்தார். காற்பங்குப் பேருக்கு 'லாண்டட்' என்ற நிரந்தர வதிவிட உரிமைக் கேஸ் முடியவில்லை. விளம்பரத்தின் கடைசி வரியைச் சொல்ல உரிமையில்லாதவன் அதைச் சொல்லாமல் விட்ட இடம்தான் அன்றைய சிரிப்பு. அதற்குப் பிறகு தலைவருடைய நன்றியுரையை ஒருவரும் கேட்கவில்லை.

அசல் விளம்பரமே பாதி நையாண்டி என்பதையும் சொல்ல வேண்டும். அதை எழுதியவர்களுக்கு, இந்த நாட்டில் நெஞ்சில் கை வைத்துத் தேசபக்தி பேசினால் எடுபடாது என்பது நன்றாகத் தெரிந்திருந்தது. பீவர் பெருமைக்குரிய விலங்கு என்பதை ஒருவன் தொண்டை கிழியக் கத்தினால் அது பெருமையா பகிடியா? இரண்டும்தான். கேட்பவர் விரும்பினால் சிரிக்கலாம், விரும்பினால் மயிர்க்கூச்செறியலாம், பியர் இரண்டு பேருக்கும் ஒரே விலை. கெட்டிக்காரத்தனமான வியாபாரம். ஆனால் பனிவீட்டு வரியில் ஒரு கண்மூடித்தனம் இருந்தது. நான் பனிவீட்டில் வாழ்கிறவன் அல்ல என்று பெருமையோடு அவன் சொன்னபோது, பனிவீட்டைக் கண்டுபிடித்துக் கட்டி வாழ்ந்த இனுயிட் மக்கள் அதற்குள் ஒளிந்திருந்த 'நாங்கள்' என்பதற்கு வெளியே நின்றார்கள். அன்று நானும் அதைக் கவனிக்கவில்லை, என் மேசையில் இருந்த ஒருவரும் கவனிக்கவில்லை.

கியூபெக்கில் இந்தச் சுலோகத்தை வைத்து ஒரு போத்தலும் விற்க முடியாது. மோல்சனுக்கு அது தெரியாததல்ல. 1786இல் ஜோன் மோல்சன் வடிசாலை தொடங்கியது மொன்றியலில்தான். 1995 ஒக்ரோபர் வாக்கெடுப்பில் பிரிவினை மயிரிழையில்தான் தோற்றது. பிரிய வேண்டாம் என்றவர்கள் 50.6 வீதம். அதைக் கண்டு பயந்த மத்திய அரசு, கியூபெக்காரர் போகிற திருவிழா, பந்தயம் எல்லாவற்றிலும் கனடா என்ற பெயரைப் பெரிதாக எழுதிவைக்க ஓர் அனுசரணைத் திட்டம் தொடங்கியது. மோல்சன் செய்ததைத்தான் அரசும் செய்தது, பகிடி மட்டும் இல்லை. 2004 பெப்ரவரியில் கணக்காய்வாளர் நாயகம் ஷீலா ஃபிரேசர் அறிக்கை வெளியிட்டார். செலவான 25 கோடி டொலரில் 10 கோடிக்கு மேல் விளம்பர நிறுவனங்களுக்கே கட்டணமும் தரகுமாகப் போயிருந்தது. விசாரணைக்கு ஜோன் கொமெரி என்ற நீதிபதியை வைத்தார்கள். க்ரெச்சியனின் கையெழுத்துப் போட்ட கோல்ஃப் பந்துகளை அவர் பட்டிக்காட்டுத்தனம் என்ற மாதிரி ஒரு சொல்லால் சொல்லிவிட, 2005இல் சாட்சி சொல்ல வந்த க்ரெச்சியன் பையிலிருந்து அமெரிக்க ஜனாதிபதிகளின் பெயர் போட்ட கோல்ஃப் பந்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, இவர்களும் பட்டிக்காட்டார்களா என்று கேட்டார். 22 மினிட்ஸ்காரருக்கு அந்த வாரம் எழுத ஒன்றும் மிச்சமில்லை.

அதே 2005இல் மோல்சன், கொலராடோவைச் சேர்ந்த கூர்ஸ் கம்பனியோடு இணைந்தது. 'நான் கனேடியன்' என்ற சுலோகமும் அத்தோடு ஓய்ந்தது. நான் அமெரிக்கன் அல்ல என்று கத்தி விற்ற பியர் பாதி அமெரிக்கனாகிவிட்ட பிறகு எந்த முகத்தோடு கத்துவது? அந்த வருடம் பகிடிக்குக் குறைவில்லை.

பிறகு வந்த வருடங்களில் என் சிரிப்புக் கொஞ்சம் சுருங்கியது. 2009 மே 10, இலங்கையில் நடந்த போரை நிறுத்தக் கேட்டு ரொறன்ரோவின் கார்டினர் பெருந்தெருவில் ஆயிரக்கணக்கில் எங்கள் சனம் குழந்தை குட்டியோடு ஏறி இருந்த இரவு. அடுத்த நாள் வானொலியில் தொலைபேசி எடுத்துப் பேசியவர்கள் நல்ல ஆங்கிலத்தில் எங்களைத் திரும்பிப் போகச் சொன்னார்கள். அவர்களில் எத்தனை பேர் ஒரு காலத்தில் கட்டச் சட்டை போட்டு ஜோவைப் போலக் கத்தியிருப்பார்கள் என்று அன்று யோசித்தேன். அந்த 'நாங்கள்' எவ்வளவு தூரம் நீளும் என்பதை அறிய அது ஒரு நல்ல இரவு. ஆனாலும் அடுத்த வாரம் வேலையிடத்தில் போலந்துக்காரர், "தெருவை மறித்ததற்கு நன்றி, எனக்கு ஒரு நாள் லீவு" என்றார். அவர் அப்படித்தான் ஆறுதல் சொல்லுவார்.

இப்போது 2025க்கு வருகிறேன். அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப் கனடாவை ஐம்பத்தோராவது மாநிலம் என்றார், தீர்வை போட்டார். மார்ச் 4ஆம் திகதி ஒன்ராறியோவின் மதுக்கடைகளில் அமெரிக்கச் சாராயப் போத்தல்களை இறக்கி எடுத்தார்கள். அடுத்த நாள் ஜெஃப் டக்ளஸ் திரும்ப வந்தார். நடுவில் பல வருடம் சி.பி.சி. வானொலியில் 'ஆஸ் இட் ஹாப்பன்ஸ்' நடத்தியவர். தாடி நரைத்திருந்தது. இம்முறை பியர் இல்லை. யாருக்கும் எதையும் விற்கவில்லை. 'நான்' என்றிருந்தது 'நாங்கள்' ஆகியிருந்தது. எங்கள் அடக்கத்தைக் கோழைத்தனமென்றும் எங்கள் அன்பைச் சம்மதமென்றும் பிழையாக நினைக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு போய், நடுவில் பூட்டீனையும் ரஷ்யாவின் பூட்டினையும் வைத்து ஒரு சிலேடையும் விட்டார். நன்றாகத்தான் இருந்தது. மகள் அனுப்பியிருந்தாள். பார்க்கும்போது எனக்கும் தொண்டை அடைத்தது.

கேலிப் பதிப்புக்காகக் காத்திருந்தேன். ஒரு வாரம், இரண்டு வாரம். தொலைபேசிக்குத் திரும்பத் திரும்ப அசல்தான் வந்தது, கண்ணீர் விடும் முகக்குறிகளோடு. கடைகளில் தக்காளிக்கும் மேப்பிள் இலை, வேறு நாட்டிலிருந்து வந்த கடலைக்கும் மேப்பிள் இலை. அதை யாரோ பகிடி பண்ணுவார்கள் என்று பார்த்தால் முறைப்பாடுதான் செய்தார்கள். அந்த மாதக் கடைசியில் பிரதமராக இருந்த மார்க் கார்னியும் நடிகர் மைக் மையர்சும் ஒரு தேர்தல் விளம்பரத்தில் ஹொக்கித் திடலில் நின்றார்கள். மையர்ஸ் எங்கள் ஸ்காபரோப் பெடியன், இங்கே வளர்ந்து 'ஒஸ்ரின் பவர்ஸ்' வரை போனவர். பிரதமர் கேள்வி கேட்கிறார், நடிகர் பதில் சொல்கிறார். ரொறன்ரோவின் இரண்டு பருவங்கள் என்ன? குளிர்காலமும் வீதி திருத்தும் காலமும். சிரிக்கலாம். ஆனால் அது ஒரு சோதனை, சரியான விடை சொன்னால்தான் நீ நம்மாள். மெர்சர் அதே மாதிரிச் சோதனையை எதிராளிக்கு வைத்து, சோதனை என்ற விஷயத்தையே கேலியாக்கினார். இங்கே சோதனை எங்களுக்கே வந்துவிட்டது.

நாட்டுக்கு ஆபத்தென்று நினைக்கிறபோது சனம் சிரிக்காதது நியாயம்தான். மறுக்கவில்லை. கொழும்பு லொட்ஜில் இருந்தவனுக்கு அது தெரியாதா? அங்கே சிரிக்கப் பயந்தோம். இங்கே பயமில்லை, சங்கடம்தான். ஆனால் ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று நான் யோசித்தது, கனடாவுக்கு வந்த பிறகு இதுதான் முதல் தடவை. மகளுக்கு இதைச் சொன்னேன். "அப்பா, இப்ப அதுக்கு நேரமில்லை" என்றாள். இங்கே பிறந்தவள், ஜோவின் விளம்பரம் வந்தபோது தொட்டிலில் கிடந்தவள்.

போன கோடையில் எங்கள் பழைய மாணவர் சங்கம் திரும்ப இராப்போசனம் வைத்தது. நான் நிகழ்ச்சிக் குழுவில் இருந்ததால் அவனுக்குத் தொலைபேசி எடுத்தேன். பிக்கரிங்கில் வீடு, இரண்டு பிள்ளைகளும் பல்கலைக்கழகம் முடித்தாயிற்று, முழங்காலுக்கு ஒப்பரேஷன் நாள் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் விசாரித்துவிட்டு அந்தப் பழைய பேச்சைத் திரும்பப் பேச முடியுமா என்று கேட்டேன்.

"அதுவோ! தாள் எங்கையோ கிடக்கும், எடுக்கலாம். ஆனால் கடைசி வரி சரிவராது அண்ணை."

"ஏன், லாண்டட் கிடைச்சிட்டுதெண்டோ?"

"சிற்றிசன் எடுத்தே இருபது வருசம். அது இல்லைப் பிரச்சினை. இப்ப நான்தான் அங்கை சூப்பவைசர். போன மாசம் எரித்திரியாவிலையிருந்து ஒரு பெடியன் வந்தவன். அவன்ரை பேர் என்ரை வாயிலை வராது. நான் அவனை ஜோ எண்டுதான் கூப்பிடுறன்."